முளையைப் பிடுங்கச் சொன்ன சக்கரக்கா

சக்கரக்காவுக்கு நான் ஐந்து மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், ஒரே ஒரு கிழிந்த கூடாரத்தை வாடகைக்கு விட்டு, அறுபது கூடாரம்வரை வளர்ந்தவன். அந்த வருஷம் கையிலிருந்ததையெல்லாம் புதுக் கூடாரத்தில் போட்டுவிட்டேன்.

அவள் முதுகுப்பை தைக்கும் ஆலையில் இருந்தவள். என்னிடம் கூடாரக் கிழிசல் தைக்க வந்து, பிறகு காட்டில் தங்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போக ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷம். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பெயர் வந்தது அப்படித்தான். காட்டில் இறங்கியதும் மிருகங்கள் எங்களை அண்டாமலிருக்கச் சாப்பாட்டு மூட்டையைத் தூரத்து மரத்தில் தூக்கிக் கட்டுவாள். பெண்கள் மட்டும் வந்திருந்தால், கூடார வாசல்களில் ஆண்களுடைய பழைய பூட்ஸ்களை வைப்பாள். "எவனாவது கையைப் பிடிச்சான்னா சும்மா இழுக்காதீங்க. அவன் கட்டைவிரல் பக்கமா முறுக்கி உருவுங்க. உருவிட்டு வீரம் காட்டாம ஓடுங்க" என்று ஒவ்வொருத்தி கையையும் பிடித்துப் பழக்குவாள்.

ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து எட்டுப் பெண்கள் வந்தார்கள். பாதிப் பணம் முன்னால், மீதி திரும்பி வந்த பிறகு. சக்கரக்கா வர மறுத்தாள்.

"ஆலையில பழைய தையல் மிஷினை விக்கறாங்க அண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா வேற ஆள் தூக்கிட்டுப் போயிடுவான். சம்பளம் வராம கால் நகராது."

"இவங்க மீதியைக் கொடுத்ததும் உன் பாக்கி மொத்தமும் தர்றேன். ஆனா அவங்க முகம் கோணக் கூடாது."

அரை மனசோடு ஒப்புக்கொண்டாள். உதவிக்கு நானும் கிளம்பினேன். சாலை முடியும் இடத்து டீக்கடையில் இரண்டு பேர் என் வண்டியைப் பார்த்து விசாரித்தார்கள். சுயமாக முன்னுக்கு வந்தவனைக் கேட்டால் சொல்லாமல் இருப்பானா? எத்தனை கூடாரம், என்ன விலை, வந்திருப்பது வசதியான பெண்கள், ஓடைக்கரையில் எந்தப் பாறைக்குக் கீழே தங்கப் போகிறோம், எல்லாம் சொன்னேன்.

கூடாரம் அடித்து, தேநீர் கொதிக்கும்போது இதைச் சக்கரக்காவிடமும் பெருமையாகச் சொன்னேன். கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

"இடத்தையுமா சொன்னீங்க?"

"நம்ம பேரு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"பேரு தெரியட்டும். படுக்கற இடம் எதுக்கு? வாயா அண்ணே அது, ஒலிபெருக்கி!" அடுப்பை அணைத்தாள். "எல்லாரும் கூடார முளையைப் பிடுங்குங்க. இருட்டறதுக்குள்ள மேல ஏறணும்."

பெண்கள் நடந்து களைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள், கணக்குப் பிரிவுக்காரி, வெடித்தாள்: "இதுக்கா காசு கொடுத்தோம்? இப்பக் கிளப்பினீங்கன்னா மீதியில ஒரு பைசா கிடையாது."

நான் சக்கரக்காவைப் பார்த்தேன். "உன் காசும்மா அது."

"தெரியும்" என்றாள், முளையைப் பிடுங்கிக்கொண்டே.

அரைமணி நேரம் ஏறி, புதர்களுக்குப் பின்னால் ஒதுங்கினோம். தீ மூட்டக் கூடாது, பேசக் கூடாது. அவள் மட்டும் குனிந்தபடியே அங்குமிங்கும் போய்த் தலைகளை எண்ணினாள். எட்டு. மறுபடியும் எட்டு. என்னை எண்ணவே இல்லை. எறும்பு கடித்தது, எழுந்து போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

வெளிச்சம் மங்குவதற்குள், கீழே நாங்கள் விட்டுவந்த இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். டீக்கடையில் பார்த்தது இரண்டு பேர். வந்தது நாலு பேர். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. அடுப்புச் சாம்பலை எட்டி உதைத்தார்கள். ஒருவன் மேலே நிமிர்ந்து பார்த்தான். சக்கரக்கா கணக்குப் பிரிவுக்காரியின் தலையைப் பிடித்துத் தரையோடு அமுக்கினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு காறித் துப்பிவிட்டு, வந்த வழியே நால்வரும் திரும்பினார்கள்.

மறுநாள் வேறு வழியாக இறக்கி, வனக்காவல் சாவடியில் என்னை விவரம் சொல்ல வைத்தாள். டீக்கடையில் பேசியதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.

கடை வாசலில் கணக்குப் பிரிவுக்காரி மீதிப் பணம் முழுவதையும் என்னிடம் கொடுத்தாள். சக்கரக்கா படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தாள்.

"உள்ள வந்து உக்காரும்மா."

"நின்னுக்கிட்டே எண்ணுங்க அண்ணே. உக்காந்தா கதை ஆரம்பிச்சுடுவீங்க."

நின்றே எண்ணினேன். கொஞ்சம் குறைந்தது, சட்டைப்பையிலிருந்து சேர்த்தேன். ஐந்து மாதமும், ஒரு தாள் விடாமல், அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.