மூன்றாவது தடவை நிற்கும் பாலம்

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள். திருவண்ணாமலையை ஒட்டி, வேங்கிக்கால் பக்கம் புதிதாக முளைத்த பள்ளிக்கூடம் அது. ஈர்க்குச்சியில் கோபுரம், உறிஞ்சுகுழாயில் பாலம், மாடியிலிருந்து போட்டாலும் முட்டையை உடையவிடாத காகிதக் கூடு என்று மேஜை மேஜையாக அடுக்கியிருப்பார்கள். மேலே ஒரு பேனர்: 'குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்தவை.' அதைப் படித்தாலே எனக்கு வயிறு எரியும். "தாங்களே கண்டுபிடிச்சாங்களாம், கிழிச்சாங்க" என்று முனகிக்கொண்டே நடப்பேன். "அம்மா, சும்மா வாம்மா, மானம் போவுது" என்று மகள் என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். ஏன் இந்தக் கோபம் என்று அவளுக்கு இதுவரை நான் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்தேன். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் ரோட்டில் பஸ் ஏறி, இறங்கி, கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே எட்டாவது வரைக்கும்தான் உண்டு. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கோழிக்கொண்டையும் சாமந்தியும் போட்ட கொல்லை ஒன்று இருந்தது. விடியுமுன் பூப் பறித்து, டவுன் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவார். அக்காவை எட்டாவதோடு நிறுத்திப் பூப் பறிக்க விட்டாயிற்று. அடுத்தது நான்.

ஏழாவது படிக்கும்போது எங்களுக்குக் கணக்குக்கும் அறிவியலுக்கும் புது டீச்சர் வந்தார். டவுனில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, "இனிமே நான் சொல்லிக் குடுக்க மாட்டேன், நீங்களே செஞ்சு பாருங்க" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லிக் கொடுக்காத டீச்சருக்கு எதற்குச் சம்பளம் என்று என் பக்கத்தில் இருந்தவள் காதில் கிசுகிசுத்தாள். ஆனால் டீச்சர் சொன்னபடியே செய்தார். சாக்பீஸ் பெட்டி நிறையப் புளியங்கொட்டை போட்டுவிட்டு, எண்ணாமல் எத்தனை என்று சொல்லச் சொல்வார். ஒரு கயிற்றையும் ஒரு குச்சியையும் கொடுத்துவிட்டு மைதானத்தில் செங்கோணம் போடு என்பார். தப்பாகச் செய்தால் அடி கிடையாது, திட்டு கிடையாது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். அந்த 'அப்புறம்' எனக்கு உயிராகிவிட்டது. சோறு இறங்காது, தூக்கத்தில்கூடப் புளியங்கொட்டைதான்.

ஒரு நாள் இரண்டு செங்கல்லை ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தார். ஆளுக்கு ஒரு பழைய காலண்டர் தாள். "இந்தத் தாளை வெச்சுப் பாலம் கட்டணும். பசை கிடையாது, குச்சி கிடையாது. பாலத்து மேல சிலேட்டு வைப்பேன், சிலேட்டு மேல கல்லு வைப்பேன். தாங்கணும்." நாங்கள் தாளை அப்படியே வைத்தோம், தொபுக்கென்று விழுந்தது. இரண்டாக மடித்தோம், விழுந்தது. சுருட்டினோம், உருண்டு ஓடியது. பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். மின்விசிறி இல்லாத வகுப்பு, எனக்கு வியர்த்துக் கொட்டியது. தோற்ற தாளை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக மடித்து விசிறிக்கொண்டிருந்தேன். கையில் அது விறைத்து நிற்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய் அதைச் செங்கல் மேல் படுக்க வைத்தேன். சிலேட்டு நின்றது. ஒரு கல் நின்றது. இரண்டு, மூன்று என்று கல் ஏற ஏற வகுப்பே எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. டீச்சர் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். "யார்டி உனக்குச் சொன்னது?" என்றார். "யாரும் சொல்லல டீச்சர், புழுக்கமா இருந்துச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பிற்பாடு எதிலுமே வரவில்லை. கல்யாணத்திலும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதுகூட வேறு மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பாலம் புரியவில்லை, என் முகம் புரிந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே நைனாவிடம் ஆரம்பித்துவிட்டாள்: "இவளையாவது டவுனுக்கு அனுப்பு."

மாசக்கணக்கில் அம்மா விடவில்லை. கடைசியில் நைனா ஒரு வார்த்தை சொன்னார். "ஊரே கெட்டிக்காரின்னு சொல்லட்டும், எனக்கு அது வேணாம். எங்கண்ணால ஒரு தபா பார்க்கணும். பார்த்துட்டன்னா அனுப்புறேன்."

இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்தது. டவுனில் ஆசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிற ஒருவர் எங்கள் ஹெட்மாஸ்டருக்குச் சிநேகிதர். அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டி வந்தார். டீச்சர் பாலத்தைச் செய்து காட்டச் சொன்னார். ஆறாவது படிக்கிற ஒரு சின்னப் பெண், எங்கேயோ விழுந்து முன்பல் இரண்டும் போனவள், ஆசையாக எழுந்து வந்தாள். பதட்டத்தில் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டு, மூன்றாவது தடவை மடிப்பு வைத்து நிறுத்தினாள். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த மாதமே வகுப்புக்கு மின்விசிறி வந்தது, பெஞ்சு வந்தது.

பிறகென்ன, வருகிறவர்களுக்கெல்லாம் பாலம்தான். ஹெட்மாஸ்டருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. முதல் தடவையே நின்றுவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் இல்லை. இரண்டு தடவை விழ வேண்டும், மூன்றாவது தடவை நிற்க வேண்டும், நிறுத்துகிறவள் பொடிசாக இருக்க வேண்டும். டீச்சருக்கு முதலில் இஷ்டமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒழுகுகிற கூரைக்கடியில் பாடம் நடத்துகிறவர் அவர்தானே. யார் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று அவரே வரிசை போட்டார். முதல் ஆள் நான். தாளை மடிக்காமல் வைக்க வேண்டும், விழுந்ததும் "அய்யோ" என்று வாயில் கை வைக்க வேண்டும்.

"விழுந்த உடனே சிரிக்காதடி. மோவாயில கை வெச்சுக் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நில்லு" என்பார் டீச்சர்.

கண்டுபிடித்தவள் நான். முட்டாளாக நிற்கிறவளும் நான். எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் காலண்டர் தாள் கையில் வரும்போது விரல் தானாக மடிக்கப் போகும், நான் அதை அடக்கிப் பிடித்துக்கொள்வேன். மோசம் என்னவென்றால், புதிதாக டீச்சர் ஏதாவது செய்யக் கொடுத்தாலும் பசங்கள் முதல் இரண்டு தடவை வேண்டுமென்றே தப்பாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் 'அப்புறம்?' என்று கேட்பது குறைந்துபோயிற்று.

எட்டாவது முடிகிற சமயம் ஒரு பெரிய கூட்டம் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு வகுப்பறை தளம் போட்டுக் கட்டித் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள். பெற்றோர்களும் வரலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பினார். நைனா அன்றைக்கு மார்க்கெட்டிலிருந்து நேரே வருவதாக ஒத்துக்கொண்டார். அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாமந்தி வைத்துவிட்டாள்.

நான் டீச்சரிடம் போய் நின்றேன். "டீச்சர், இன்னிக்கி ஒரு நாள் நான் நிறுத்துறேன் டீச்சர். எங்க நைனா வர்றாரு. பார்த்தாத்தான் டவுனுக்கு அனுப்புவேன்னு சொல்லியிருக்காரு."

டீச்சர் என் தோளைப் பிடித்தார். "இன்னிக்கி மட்டும் வேணாம்டி கண்ணு. கட்டடம் போயிடும். நாளைக்கி நானே உங்க வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்றேன். சத்தியமா வர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போது அப்படித்தான் செய்வதாக இருந்தேன்.

வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ரூம்காரர் மொழிபெயர்க்க நின்றார். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். தாளை வாங்கிக்கொண்டு திரும்பினால், ஜன்னலுக்கு வெளியே நைனா. தோளில் துண்டு, கையில் காலிக் கூடை. மற்ற அப்பன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இன்னொரு தடவை வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். மடித்துவிட்டேன். சின்னச் சின்ன மடிப்பாக, நிதானமாக மடித்துச் செங்கல் மேல் வைத்தேன். நானே சிலேட்டை வைத்தேன், நானே கற்களையும் அடுக்கினேன். அசையாமல் நின்றது.

யாரும் கை தட்டவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்டார். "இது எப்படிம்மா உனக்குத் தெரிஞ்சுதுன்னு கேக்குறாரு" என்றார் ரூம்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் வேகமாகச் சொன்னார்: "இவளுக்கு முன்னாடியே தெரியும் சார். ஏற்கெனவே பார்த்து வெச்சிருக்கா. தெரியாத பசங்களைச் செய்யச் சொல்றேன் சார்." பிறகு என்னைப் பார்க்காமல், "நீ ஓரமா போய் நில்லு" என்றார்.

சுவரோரம் நின்றேன். காது இரண்டும் கொதித்தது. பொய் என்று கத்தவும் முடியவில்லை, ஏனென்றால் எனக்கு முன்னாடியே தெரியும்தான். இரண்டாவது ஆள் வந்து போட்டான், "அய்யோ" என்றான். பல் இல்லாத பொடிசு வந்தாள், மோவாயில் கை வைத்து யோசித்தாள், ஒரு தடவை போட்டாள், அப்புறம் நிறுத்தினாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜன்னலில் நைனா முகம் கல்லாக இருந்தது.

சாயங்காலம் நைனா களத்தில் இரண்டு செங்கல்லை வைத்தார். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழைய காலண்டரைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். "செய்." செய்தேன். பூத் தராசின் எடைக்கல்லை ஒவ்வொன்றாக அவரே வைத்தார். தாங்கியது.

"இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல நைனா. நானேதான் கண்டுபுடிச்சேன்."

"அந்தப் பல்லு இல்லாதது?"

"அவளுக்கும் தெரியும். எல்லாருக்குமே தெரியும். தெரியாத மாதிரி விழ வைக்கணும்."

"தெரிஞ்சுக்கினேவா அய்யோ அய்யோன்னுச்சுங்க?"

தலையை ஆட்டினேன். நைனா எடைக்கல்லைக் கையில் உருட்டினார். "நீ கெட்டிக்காரிதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப டவுனுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றார் நைனா. "தெரிஞ்சதைத் தெரியாதுன்னு நிக்கக் கத்துக் குடுக்கிற எடத்துக்கு எம் பொண்ணு போவ வேணாம்."

"கண்ணால பார்த்தா அனுப்புறேன்னியே!" என்று அம்மா கத்தினாள்.

"பார்த்தேன். ரெண்டையும்தான் பார்த்தேன்."

நான் அழுதேன், மண்ணில் புரண்டேன், செங்கல்லை எட்டி உதைத்துக் காலைக் காயப்படுத்திக்கொண்டேன். டவுன் பள்ளிக்கூடம் அப்படி இல்லை என்று கெஞ்சினேன். அவருக்கு நிஜமாகவே மனசு கசந்ததா, இல்லை பூப் பறிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதற்கு ஒரு நியாயம் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். நான் பத்தாவது எழுதியது கல்யாணமாகி, மகளும் பிறந்த பிறகு, தனித்தேர்வில்.

டீச்சர் சொன்னபடியே மறுநாள் வந்தார். வரப்பெல்லாம் ஈரம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். நைனா கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார், அம்மா மோர் கொடுத்தாள். டீச்சர் மோரைக் குடிக்கவில்லை. "அத்தனையும் நான் செய்யச் சொன்னதுங்க. இவதான் முதல் முதல்ல கண்டுபுடிச்சவ. இவ மாதிரி ஒரு பொண்ணை நான் பார்த்ததில்லைங்க. நான் பண்ணதுக்கு இவளை நிறுத்திடாதீங்க, கையெடுத்துக் கும்புடுறேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நைனா முழுசும் கேட்டார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது உள்ளபடி சொல்றீங்களா, இல்ல இதுக்கும் ஒரு தபா பழகிப் பார்த்துட்டு வந்தீங்களா?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நெஜம்தான் நைனா. டீச்சர் சொல்றது அத்தனையும் நெஜம். அவங்க அழுவுறாங்க பாரு."

நைனா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீயும் அவங்ககிட்ட படிச்ச பொண்ணுதானம்மா."