ஏப்ரலில் போய் விழுந்த சாயங்காலப் பால்

விக்கிரமங்கலத்தில் பால் குளிர வைக்கும் நிலையத்தில் எனக்குக் காலை வேலை. சாயங்காலம் பார்ப்பவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆடி பிறந்ததும் பால் தொட்டியில் புது மெஷின் வைத்தார்கள். பால் எவ்வளவு குளிர்ந்தது என்பதைத் தேதியோடு பெரம்பலூர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அதுவே அனுப்பிவிடும். ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் தேதி, மாதம் இரண்டையும் கேட்கும். எண்ணைத் தட்டினால் போதும்.

கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"காலையில ரெக்கார்டு வருது சார். சாயங்காலம் ஒண்ணுகூட வரல. மெஷினைப் போடாம வுட்டுட்டு எங்கயாச்சும் போயிடுறாரா அவரு? ஆளை மாத்திடலாம்னு பேசுறாங்க. நீங்க கொஞ்சம் கவனிங்க."

எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் ஊறிக்கொண்டுதான் இருந்தது. ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், பம்பை அடிக்கிறார்கள். அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாரோ? ஆத்தா காரியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஊர்ப் பால் திரிந்துபோனால் யார் பதில் சொல்வது? காலையில் போனதும் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விடிவதற்குள் வந்து போட்டிருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுபடி போன். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"சார், ஏப்ரல்ல உங்க நிலையத்து ரெக்கார்டு கிடக்கு. மெஷின் வந்ததே இப்பத்தானே? யாரோ பொய்யா ஏத்துறாங்க."

அன்று சாயங்காலமே ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய் அண்ணன் பின்னால் நின்றேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, பதின்மூன்று, நான்கு என்று தட்டினார். அன்றைக்கு ஜூலை இருபத்தொன்பது.

"என்னண்ணே போடுறீங்க?"

"தேதிதான். ஆடி பதிமூணு. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நாலாவது மாசம்."

"இங்கிலீஷ் தேதிதானே போடணும்?"

"தேதி, மாசம்னுதானே கேக்குது. இங்கிலீஷுன்னு எங்க கேக்குது? நாத்து வுட்டது, பொண்ணைக் கட்டிக் குடுத்தது எல்லாம் இந்தக் கணக்குலதான் தம்பி."

அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். அந்தப் பெண் தேடிப் பார்த்தார். ஆடி நாட்களெல்லாம் ஏப்ரலில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஏப்ரல் பதின்மூன்று என்று ஒரு நாள் உண்டுதானே, கம்ப்யூட்டர் அதைத் தப்பென்று தள்ளவில்லை. எல்லா நாளும் பால் நன்றாகவே குளிர்ந்திருந்தது. ஆளை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. ஆத்தாவை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுக்குத்தான் வந்து நின்னீங்களா?"

"ஆபீஸ்ல பாக்கச் சொன்னாங்கண்ணே."

"சாமி கும்புடுற ஆளு, நேராவே கேட்டிருக்கலாம். இனிமே தேதியை நீங்களே வந்து தட்டிட்டுப் போங்க. நாளைக்கு இன்னொண்ணு காணோம்பாங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் நான்தான் போய்த் தேதி போட்டுவிட்டு வருகிறேன். அந்த எண்ணை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் அண்ணன் பொத்தானை அமுக்குகிறார்.