உளுந்து வயலில் பீஸ் ரேட்

ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருக்கிறது. மழை பெய்தால் அது வயல், பெய்யாவிட்டால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மைதானம். சிவகாசியில் அச்சாபீஸ் வேலையை விட்டு நின்ற பிறகு நான்தான் அதில் விவசாயம் பார்க்கிறேன். பெரும்பாலான நாட்கள் வரப்பில் நின்று பார்ப்பதோடு சரி, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.

ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஊரே ஏறிப் போய்விடும். என் வீட்டுக்காரியும் போவாள். எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வெடிக்குத் திரி செருகுகிற வேலை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சீசன். அப்போது கம்பெனியில் கை ஓயாது. சொல்லி வைத்தாற்போல அதே நேரத்தில்தான் என் வயலில் களை முளைக்கும். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியபின் எத்தனை ஆள் வேண்டுமானாலும் வருவார்கள். அதற்குள் களை இடுப்பளவு வளர்ந்து, பயிரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

புரட்டாசியில் உளுந்து விதைத்த அன்றே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க. போன வருசம் மக்காச்சோளத்தப் புழு தின்னுச்சு. அதுக்கு முந்தின வருசம் பருத்திய மழை தின்னுச்சு. இந்த வருசமும் கையக் கடிச்சா, நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்களும் எங்கூட வேன்ல ஏறணும். ஆமா."

பட்டாசு வேலையைக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் நான் ஒரு முதலாளி. எனக்குக் கீழே ஒரு ஆள்கூட வேலை பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஊர் பார்க்க, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என் வயலையே நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதா?

அந்தப் பயத்தில்தான் விருதுநகரில் நடந்த விவசாயப் பயிற்சி முகாமுக்குப் போனேன். இஸ்திரி மடிப்புக் கலையாத அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். "விவசாயத்தைத் தொழிலாக நடத்துங்கள். முதலாளியாக யோசியுங்கள்." நான் கைதட்டினேன். அடுத்து, குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி போட்டுச் செலவில் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தச் சமயம் பார்த்து பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதால் மீதியை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சரி, முதலாளியாக யோசிப்போம் என்று யோசித்தேன். எங்கள் சீமையில் முதலாளி என்றால் பட்டாசு முதலாளிதான். அவர் என்ன செய்கிறார்? வேன் அனுப்புகிறார். நாள் கூலி கொடுத்து ஆளை மேய்ப்பதில்லை; செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுக்கிறார். அட, இவ்வளவுதானே! ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாளில், தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பேசினேன். ஒரு வரிசை களை எடுத்தால் இவ்வளவு. வந்து போக ஷேர் ஆட்டோ. வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் நடந்து விடுகிற தூரம்தான். ஆனாலும் கம்பெனி என்றால் கம்பெனி. இருக்கன்குடி மாரியம்மன் படத்தை வேப்பமரத்தில் மாட்டி, சூடம் காட்டி, ஆளுக்கு ஒரு பிடி பூந்தியும் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரியும் களைக்கொத்தியோடு வந்து நின்றாள்.

"எனக்கும் வரிசைக்கு அதே ரேட்டுதான?"

"ஏளா, வீட்டு ஆளுக்கு யாராவது கூலி குடுப்பாகளா?" என்று சிரித்தேன்.

"அப்ப எனக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, கொத்தியைக் கீழே போட்டு மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

போகட்டும் என்று விட்டேன். வேலை அப்படி நடந்தது! அம்மாடி, என்ன வேகம்! பேச்சில்லை, சிரிப்பில்லை, தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நிமிரவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினாள். நாள் கூலியில் ஒரு பொழுது இழுக்கிற வேலை, பூந்தி வாசம் போவதற்குள் கால்வாசி முடிந்துவிட்டது. வரப்பில் கைகட்டி நின்றேன். முதலாளிகள் ஏன் தொந்தி போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

முடிந்த வரிசைகளை நடந்து பார்க்கப் போனேன். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். சாரணை இல்லை, கோரை இல்லை. பல இடங்களில் உளுந்தும் இல்லை.

"அய்யய்யோ! பயிரையும் சேத்துப் பிடுங்கிப் போட்டிருக்கீகளே! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன்.

கும்பலுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் நிமிராமலே பதில் சொன்னாள். "பீஸ் ரேட்டுன்னா கை நிக்காது அண்ணாச்சி. எது களை, எது பயிருன்னு பாத்துப் பாத்து எடுக்கணும்னா நாள் கூலி பேசியிருக்கணும். வரிசைக்குத்தான காசு? வரிசை முடிஞ்சிருச்சுல்ல?"

எனக்கு அழுகை வராத குறை. மரத்தடியில் இருந்தவள் அதற்குள் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏ, கொத்திய நிறுத்துங்கட்டி! இனிமே நாள் கூலி. எங்கூட ஒரே நிரையா வாங்க, மெதுவாப் பாத்து எடுங்க."

நிறுத்தினார்கள். அவள் நடுவில் நின்று களை எடுக்க, மற்றவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து போனார்கள். பேச்சும் சிரிப்பும் தொடங்கின. பொழுது சாய்கிறவரை அவள் கொத்தியை வைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே மாதிரி நடந்தது. மீதி உளுந்து தப்பியது.

தை மாதம் உளுந்தை அடித்துத் தூற்றி விருதுநகர்ச் சந்தையில் போட்டேன். விலை அந்த முறை கையைக் கடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "லாபம்ளா! மருதையில படிக்கிற மகளுக்குப் போன் போடு, அப்பா செயிச்சிட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவள் வேனில் இருந்து இறங்கி அப்போதுதான் வந்திருந்தாள். விரல் இடுக்கில் இருந்த வெடிமருந்துக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"விதை வாங்குன காசு யாருது?"

"உன் சம்பளந்தான்."

"உழவு டிராக்டருக்கு?"

"அதுவும்."

"நான் ரெண்டு நாயித்துக்கிழம குனிஞ்சனே, அதுக்குக் கூலி போட்டீகளா? நீங்க நாலு மாசம் அங்கன காவ கெடந்தீகளே, அதுக்கு?"

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். என் கூலியைச் சேர்த்ததுமே லாபம் பாதியாகக் கரைந்தது. அவள் கொடுத்த விதைக் காசு, டிராக்டர் வாடகையோடு அவள் கூலியையும் சேர்த்தபோது மிச்சமும் போய், கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் கோபமா, உளுந்தின் மேல் கோபமா, தெரியவில்லை.

"சரி தாயி, நட்டந்தான்! நீ சொன்னபடியே நிலத்தக் குத்தகைக்கு விடுதேன். நாளைக்கே உங்கூட வேன்ல ஏறுதேன். போதுமா?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். சோப்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கோவத்துல அன்னைக்குச் சொல்லிட்டேன். நீங்க வேன்ல ஏற வேண்டாம்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு பேரும் அந்தக் கம்பெனிக்குள்ள இருக்கையில ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, பிள்ளைக்கு யாரு இருக்கா? ஒராளாவது வெளிய இருக்கணும். நட்டம் ஆனா ஆயிட்டுப் போகுது. அடுத்த வருசமும் உளுந்தே போடுங்க."