பூசை அன்றைய தேதி

சரஸ்வதி பூசை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர்களுக்கு வைத்த சந்தனம் காய்ந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு அண்ணாச்சி எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தச்சநல்லூர்க்காரரான அண்ணாச்சிதான் முதலாளி. பலசரக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் இறங்கியவர். ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின், அதோடு இணைத்த, திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட மூன்று டெர்மினல்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்வது நான். தட்டச்சு செய்வது உவரியிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பெண். என்னைவிடச் சின்னவள், என்னை யக்கா என்பாள். மூன்றாவது ஆள் அண்ணாச்சியின் அக்கா மகன். மெட்ராஸில் ஏதோ கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவர். எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே ஆகாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அடித்துக் கொடுத்த பிளஸ் டூ காமர்ஸ் கேள்வித்தாள் தேர்வுக்கு முன்பே ஊருக்குள் சுற்றுகிறதாம். ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றுகிறார்களாம். யார் கொடுத்தது என்று நாளைக்குள் ஆளைச் சொல்ல வேண்டும் என்றது பள்ளிக்கூடம்.

"எவன் எடுத்தான்னு மெஷினே சொல்லும் மாமா" என்றார் அக்கா மகன்.

வெளியே மழை கருக்கட்டி, பட்டப்பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. அவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஃபைண்ட் கட்டளையைத் தட்டினார். அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்து, சமீபத்தில் மாறியிருக்கிறதா என்று தேடினார். ஃபைல் வந்தது. பக்கத்தில் தேதியும் வந்தது. பூசை நாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தது யாரு?"

எல்லோரும் அந்த உவரிப் பெண்ணைத்தான் பார்த்தோம். பூசை நாளில் போன் எடுக்க ஆள் வேண்டும் என்று, வேதக்காரப் பிள்ளைக்கு என்ன பூசை என்று சொல்லி, அவளைத்தான் தனியாக உட்கார வைத்திருந்தார் அண்ணாச்சி. அவளுக்கு இது வெறும் வேலை இல்லை. வீட்டில் சண்டை போட்டு, ஒரு வருஷம் என்று தவணை கேட்டு, பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். வேலை போனால் ஊருக்குத் திரும்பி, அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

"நான் மெஷினைத் தொடவே இல்ல யக்கா" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கொஞ்சம் எந்திரிங்க" என்று அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அதே கட்டளையை, ஃபைலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டினேன். திரை ஓட ஆரம்பித்தது. கேள்வித்தாள்கள், விலாசப் பட்டியல்கள், கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மெஷினில் இருந்த எங்கள் ஃபைல்கள் அத்தனையும் வந்தன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அதே பூசை நாள், அதே நிமிஷம்.

"ஒரே நிமிஷத்துல இவ்வளவையும் இந்தப் பிள்ளை மாத்திச்சா? அண்ணாச்சி, இது நீங்க பூட்டுன நேரம்."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. பூசைக்கு எடுத்து வைத்த ஏட்டையும் பேனாவையும் மறுநாள் வரை தொடக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதை எப்படி எடுத்து வைப்பது என்று முதல் வருஷம் கேட்டார். யாரும் எழுத முடியாதபடி ஃபைல்களைப் பூட்டும் கட்டளையை நான் சொல்லிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு பூசைக்கும் குளித்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து அவரே வந்து தட்டிவிட்டுப் போவார். மறுநாளிலிருந்து எந்த ஃபைலில் வேலை இருக்கிறதோ அதன் பூட்டை மட்டும் எடுப்போம், மற்றவை பூட்டியபடியே கிடக்கும். அந்தப் பூட்டு விழுந்த தேதியைத்தான் அக்கா மகன் திருட்டு நடந்த தேதி என்று காட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தேதிகள் உண்டு என்று விளக்கினேன். உள்ளே எழுதியது எப்போது என்பது ஒன்று. பூட்டுவது, பெயர் மாற்றுவது போல மேலே ஏதாவது செய்தது எப்போது என்பது இன்னொன்று. கடைசியாகப் படித்தது எப்போது என்பது மூன்றாவது.

"திருடுனவன் எழுதியிருக்க மாட்டான், படிச்சிருப்பான். அந்தத் தேதியை நாம இன்னும் பாக்கல. அதுவரைக்கும் யாரும் அந்த ஃபைலைத் திறக்காதீங்க. திறந்தா படிச்ச தேதி இப்பம்னு மாறிரும்."

"பாருங்க யக்கா" என்றாள் அவள். குரலில் தைரியம் வந்திருந்தது.

நான் கட்டளையைத் தட்ட ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து டெர்மினலில் விசைகள் சடசடத்தன. திரும்பிப் பார்த்தேன். அக்கா மகனின் திரையில் காமர்ஸ் கேள்விகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம என்ன தேதி வேண்டிக் கெடக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சொல்லச் சொல்லத் திறக்குதியளே, காது கேக்காதா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம். சாயங்காலம் ஆனால் அவர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் என்பதும், காமர்ஸ்தான் எடுக்கிறார் என்பதும் அந்த நேரத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அண்ணாச்சி அக்கா மகனைத் திட்டவில்லை. பைய எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"இப்பம் பாத்தா எந்தத் தேதியைக் காட்டும்மா?"

"இன்னைக்குத் தேதியை."

"பழசு?"

"அழிஞ்சு போச்சு."

"வேற எங்கனயும் இருக்காதா?"

"இருக்காது அண்ணாச்சி."

அவர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஏமாந்த மனுஷன் விடும் மூச்சு இல்லை அது, நிம்மதி மூச்சு. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பிறகு அவளிடம் போனார். குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது.

"ஏம்மா, உன் மேல தப்பு இல்ல. அது தெரிஞ்சு போச்சு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு ஆளைச் சொல்லியாகணும்லா. நீ நாளையில இருந்து வரவேண்டாம்."

"அண்ணாச்சி, இது அநியாயம்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா மகன் திரையைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டு, தலை சீவிக்கொண்டிருந்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தெருவில் இறங்குவதற்கு முன்னால் அவள் நின்றாள்.

"திரும்ப மேல வா, நான் பேசுதேன். நீ செய்யலன்னு அவருக்கே தெரியும்லா" என்றேன்.

"அதுனாலதான் யக்கா போகச் சொல்லுதாரு" என்றாள். "நான்தான் செஞ்சேன்னு நெனச்சிருந்தா, யாருக்குக் கொடுத்தேன்னு கேட்டிருப்பாரு."