குங்குமம் ஒட்டாத குழாய்

எங்கள் கம்பெனி கணபதி என்கிற பகுதியில், மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது. கீழ்த்தளத்தில் இன்றைக்கும் பம்பு செட் உதிரி பாகங்கள்தான் ஓடுகின்றன. மாடியில் ஒரு கண்ணாடி அறை. அங்கே நான் டயாலிசிஸ் குழாய்களுக்குப் பூச்சு கொடுக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இதைச் சொன்னால் "பெயின்டுங்களா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சூலூரிலிருந்து கணபதி வரைக்கும் விளக்கிக்கொண்டே வர எனக்குப் பொறுமை கிடையாது.

இங்கே விளக்கித்தான் ஆகவேண்டும். ரத்தத்துக்குள் எந்த வெளிப்பொருளை நுழைத்தாலும், முதலில் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்டிய பிறகு அணுக்கள் வரும், கிருமிகள் வரும், ரத்தம் உறையும், குழாய் அடைக்கும். முதல் ஆளை உட்காரவிடாமல் செய்தால் பின்னால் வருபவர்களுக்கும் இடம் இருக்காது. ஸ்விட்டர் அயனிப் பாலிமர் என்று ஒரு வகை உண்டு. ஒரே மூலக்கூறில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சரிக்குச் சரியாக இருக்கும். அது தண்ணீரைத் தன்மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி தண்ணீர் எல்லா சீட்டிலும் துண்டு போட்டு வைத்துவிடும். புரதம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகவேண்டியதுதான்.

பம்பு விற்கிற முதலாளிக்கு இதில் என்ன வேலை என்று சேர்ந்த புதிதில் எனக்கும் தோன்றியது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மாற்று அறுவை சிகிச்சையை அந்த அம்மாவின் இதயம் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதனால் கழுத்தில் குழாய் வைத்துத்தான் டயாலிசிஸ். அந்தக் குழாய் அடைப்பதும், எடுத்துவிட்டு வேறு வைப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ரத்த நாளம் கெட்டுப்போகும். குழாய் வைக்க இடம் தீர்ந்தால் டயாலிசிஸ் இல்லை. டயாலிசிஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கம்பெனியில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆயுத பூஜை அன்று எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் லேத்திலிருந்து ஸ்பானர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நமக்குச் சோறு போடுகிற எதையும் விட்டுவிடக் கூடாது. வைத்த பிறகு மறுநாள் வரைக்கும் யாரும் எதையும் தொடவும் கூடாது. எங்கள் கம்பெனியில் பொட்டு வைப்பது முதலாளியின் மனைவி. அந்த வருஷம் அவரால் மாடி ஏற முடியாது என்று நினைத்து நான் நிம்மதியாகக் கீழே பொரி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய், பூச்சைக் காயவைக்கும் அடுப்புக்கு வைத்தார், அதை இறுக வைக்கும் விளக்குப் பெட்டிக்கு வைத்தார், பிறகு அலமாரியைத் திறந்து, தட்டில் அடுக்கியிருந்த குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் வைத்தார்.

அவை மாதக்கணக்கில் உப்பு நீரில் ஊறவைத்து எடுத்த மாதிரிகள். பூச்சு நாள்பட நிற்கிறதா என்று பார்ப்பதற்காக, பாதிக் குழாய்களுக்குப் பூசியும் மீதிக்குப் பூசாமலும் வைத்திருந்தேன். நான் மேலே போனபோது எல்லாம் நெற்றியில் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலாளி வீட்டம்மா என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். உடனே துடைத்துவிடலாம் என்று கை போயிற்று. அன்றைக்குத் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் தடுத்துவிட்டார். ஒரு ராத்திரி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் குழாய்மேல் காய்ந்தன.

விஜயதசமி காலையில் தட்டை எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினேன். குப்பையில் போடுவதற்கு முன்னால் கணக்குக்காக ஒரு பார்வை, அவ்வளவுதான். பூசாத குழாய்களில் சிவப்புக் கறை அப்படியே நின்றது. பூசிய குழாய்களில் தண்ணீர் பட்டதும் பொட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தேய்க்கக்கூட இல்லை. பின்னால் நின்று முதலாளி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் கழுவுகிற வீடியோ அவர் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் எல்லாம் சுற்றிவிட்டது.

எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குங்குமம் புரதம் இல்லை, குழாயடித் தண்ணீர் ரத்தம் இல்லை. அதை நான் சொன்னபோது முதலாளி தலையாட்டினார். தலையாட்டல் எல்லாம் சம்மதம் ஆகிவிடாது. அதே வாரம் முதலாளியிடமும் அவர் மனைவியிடமும் டாக்டர், கழுத்தில் இனி இடமில்லை, அடுத்த குழாயைத் தொடையில்தான் வைக்கவேண்டும், அங்கே சீக்கிரம் அடைக்கும் என்று சொல்லியிருந்தார். முதலாளி என்னை அழைத்து, பூசிய குழாய் ஒன்றைச் சுத்திகரித்துக் கொடுத்தால் வைப்பதற்கு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. ஆர்டர் கொடுக்கிற குரலும் இல்லை. அனுமதி வேண்டும், விலங்குகளில் பார்க்கவேண்டும், வருஷக்கணக்கு ஆகும் என்று நான் அடுக்கினேன். அவர் தினமும் அதையே வேறு வேறு மாதிரி கேட்டார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

கடைசியில் அவர் மனைவியே வந்தார். இந்த முறை மாடி ஏறவில்லை. கீழே ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளியும் பக்கத்தில் இருந்தார். நான் அனுமதியில் ஆரம்பித்தேன். அவர் மனைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, அதெல்லாம் இருக்கட்டும். உங்க அம்மாவுக்குன்னா இதைய வெப்பீங்களா?"

அவர் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வது சுலபமாக இல்லை.

"வெக்க மாட்டேனுங்க அக்கா."

முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எனக்குச் சரியாப் போயிரும், சரியாப் போயிருமுன்னே சொல்றாங்க. நீங்கதானுங்க இல்லீன்னு சொன்னது" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தொடையில் சாதாரணக் குழாய்தான் வைத்தார்கள். அதற்குப் பிறகு முதலாளியின் மனைவிதான் ஒரு யோசனை சொன்னார். மாட்டு ரத்தத்தில் பிரித்த புரதத்தை வைத்துச் சோதிப்பதற்குப் பதில் தன் ரத்தத்தை வைத்துச் சோதித்தால் என்ன என்று கேட்டார். டாக்டர் முறைப்படி அனுமதி வாங்கிக் கொடுத்தார். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து ஏறுவதற்கு முன், நான் போய்க் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருவேன். உறைவதற்குள் அதைக் குழாயில் ஓட்டிப் பார்த்துவிடவேண்டும் என்பதால் ஆட்டோவில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணபதி சிக்னலைத் திட்டிக்கொண்டே வருவேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. குழாயின் உடல் பகுதி கண்ணாடி மாதிரி சுத்தமாக நின்றது. கோளாறை நுனியில்தான் கண்டுபிடித்தேன். பூசிய பிறகுதான் நாங்கள் நுனியை வெட்டுகிறோம், பக்கத் துளைகளையும் அப்போதுதான் போடுகிறோம். பம்பு கம்பெனி வழக்கம் அது, பெயின்ட் அடித்த பிறகு துளை போடுவது. வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லை. அங்கே புரதம் ஏறி, ரத்தம் மெல்லிய தோலாகப் படிந்து, துளையை மூடியிருந்தது. உடம்புக்குள் போய்ச் சேரும் பகுதியே அந்த நுனிதான். வெட்டி, துளை போட்டு, அப்புறம் பூச வேண்டும் என்று முதலாளி உடனே சொல்லிவிட்டார். சொல்வது எளிது. அதற்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அன்றைக்கு வைக்க மாட்டேன் என்று நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அதோடுதான் டயாலிசிஸ் சென்டருக்குப் போய் முதலாளியின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொடைமேல் போர்வை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அன்னைக்கு வெச்சிருந்தா இதுவும் அடைச்சிருக்கும்."

"ஆமாங்க அக்கா."

"இனி வெட்டிப்போட்டுப் பூசுவீங்க."

"ஆமாங்க. ஆனா நாளாகுமுங்க."

அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டார். கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்கிற குரலில், "ஆகட்டுமுங்க. உங்க அம்மாவுக்கு வெப்பேன்னு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க. நான் இருந்தா வெச்சுக்கறேன்" என்றார்.

இருப்பீங்க அக்கா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதுவரை நான் அவரிடம் எதையும் சும்மா சொன்னதில்லை. அதனால் அதையும் சொல்லவில்லை.