கல்தெய்வத்தின் நெற்றிக்கல்லும் என் தலைமைப் பதவியும்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன்னர் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்தவன் நான். தெரணியகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த உத்தியோகத்துக்குத் தோட்டத்துப் பெயர் கண்டாக்கு; இன்றும் மக்கள் என்னைக் கண்டாக்கையா என்றுதான் அழைக்கிறார்கள். சமாதான நீதவான் பட்டமும் உண்டு. அவற்றுக்கெல்லாம் மேலாக, தோட்டத்து அம்மன் கோயில் பரிபாலன சபைக்குப் பதினொரு ஆண்டுகளாக நானே தலைவர். அம்மனின் நகைப்பெட்டிச் சாவி என் பொறுப்பில் இருந்தது. பெல்மதுளைப் பக்கத்தில் மாணிக்கக் குழி வெட்டிய ஒருவர் நேர்த்திக்கடனாகச் செலுத்திய நீலக்கல் நெற்றிச்சுட்டி அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதை ஒருவன் நம்பி ஒப்படைத்தால் எனக்குத்தான் ஒப்படைப்பான் என்பது தோட்டத்தில் பேச்சுக்கு இடமில்லாத விடயம்.

இத்தகைய ஒருவன் ஞாயிறு பிற்பகல்களில் திருடனாக இருந்தான் என்பதை விளக்க வேண்டியுள்ளது.

என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற, தோட்டத்து மருந்தக டிஸ்பென்சர்தான் இதற்குக் காரணம். நகரத்துத் தமிழ்ப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், ஜவுளிக்கடை முதலாளியின் மேல்மாடியில் ஒரு கற்பனை விளையாட்டை நடத்துவதாகவும், அதற்கு இன்னுமோர் ஆள் தேவைப்படுவதாகவும் அவர் வந்து சொன்னார். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க வேண்டும். ஆசிரியை கதையை நகர்த்துவார். நாம் செய்வது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்று தீர்மானிக்கும்.

"நம்ம வயசுக்கு இது தேவையா?" என்றேன்.

"பின்ன என்னங்க அண்ணே செய்யப் போறீங்க? ஒங்களுக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு வலி. ஒருத்தருக்கொருத்தர் அதயே ஒப்பிச்சிக்கிட்டு இருக்கிறதா?"

பார்வையாளனாக மட்டும் வருவதாகச் சொல்லித்தான் போனேன். நான் போவதற்குள் பாத்திரங்கள் பங்கிடப்பட்டிருந்தன. டிஸ்பென்சருக்கு வைத்தியர் பாத்திரம் பொருந்தும் என்றேன். "ஆயுசு முழுக்க ஆளுகளுக்குக் காயத்துக்கு மருந்து போட்டாச்சுங்க. இனி நான் வெட்டப் போறேன்" என்று அவர் கோடரி வீரனாகிவிட்டார். முதலாளி மந்திரவாதி. எஞ்சியிருந்தது திருடன்.

"பூட்டுத் திறப்பவர் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன் ஆசிரியையிடம்.

"எழுதலாங்க ஐயா. ஆனா வேல திருட்டுத்தான்" என்றார் அவர், புன்னகைக்காமல்.

நான் எந்தப் பணியை ஏற்றாலும் அரைகுறையாகச் செய்தவனல்லன். இரண்டாவது ஞாயிறே அது தெரிந்துவிட்டது. கல்தெய்வம் ஒன்றின் கோட்டை வாசலில் பன்னிரண்டு குள்ளப் பூதங்கள் காவல் நின்றன. டிஸ்பென்சர் கோடரியை ஓங்கினார். நான் அவரைத் தடுத்து, மேசையின் முன் எழுந்து நின்று, "பிரட்டு!" என்று ஒரு குரல் கொடுத்தேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதற்குப் பெயர் பிரட்டு; அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம், கான் என்றால் வடிகால். அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து இன்னும் போகவில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. "பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர்தான்! ஆறு பேர் புல்லுவெட்டு, ஆறு பேர் கான்வெட்டு! நடங்கடா!"

ஆசிரியை பகடையை நீட்டினார். பத்தொன்பது விழுந்தது. பன்னிரண்டு பூதங்களும் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு மலையிறங்கிப் போயின. முதலாளி சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "யா அல்லாஹ், என்ட கடையில வேல செய்றவங்க ஒரு நாளாவது இப்பிடிக் கேட்டிருக்காங்களா?" ஓய்வு பெற்ற பின் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பிற்பகல் அது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அதன் பிறகு மூன்று ஞாயிறுகள், கல்தெய்வத்தின் நெற்றியிலிருந்த கல்லை எப்படிக் கழற்றுவது என்று திட்டமிட்டோம். மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து நின்று, திட்டத்தை இறுதியாக அறிவித்தேன்.

"பூசாரி கண்ணயர்ந்ததும் பின்கதவால் நான் நுழைவேன். சாமியின் நெற்றிக்கல்லை நானே கழற்றுவேன். பழி பூசாரியின் தலையில் விழட்டும்."

"கல்ல வாங்குறதுக்கு ஆள் நான் பாத்துக்குறன்" என்றார் முதலாளி.

படிக்கட்டில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தபோது ஆளில்லை. திருவிழா நோட்டீஸின் மாதிரி மட்டும் மேல்படியில் கிடந்தது. அதில் என் கையெழுத்து வாங்க வந்தவர் கோயில் சபைச் செயலாளர். ஒருகாலத்தில் எனக்குக் கீழே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எந்தக் கூட்டத்திலும் எதையும் மறக்காதவர்.

மறுநாள் காலையிலேயே விடயம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை சந்தியில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதி, சிங்களவர், எனக்குப் பழக்கமானவர், "ஹொரா மாத்தயா, நகின்ன!" என்றார் சிரித்துக்கொண்டே. திருட்டு ஐயாவே ஏறுங்கள் என்று என்னை ஒருவர் அழைத்தது அதுவே முதல் தடவை. நான் நடந்தே வீடு சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, கோயிலை ஒட்டிய பொதுமண்டபத்தில் தலைவர் தெரிவுக்கான பொதுக்கூட்டம். வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். அன்று உட்கார இடமில்லை. நான் நகைப்பெட்டியைத் திறந்து நெற்றிச்சுட்டியை எடுத்துக் காட்டினேன். நீலக்கல் அதனிடத்தில் இருந்தது.

"இருக்குதுதான்" என்றார் செயலாளர். "இன்னும் எடுக்கல. அதத்தான நானும் சொல்றேன்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. செயலாளர் ஒரு தட்டில் சூடத்தை ஏற்றி என்முன் வைத்தார். எங்களில் சூடத்தை அணைத்துச் செய்த சத்தியத்துக்கு மேல் விசாரணை கிடையாது.

"நீங்க பெரியவங்க, கண்டாக்கையா. கடைக்கு மேல அப்பிடி ஒரு பேச்சு பேசவே இல்லன்னு அணைச்சிருங்க. நாங்க வாயத் திறக்க மாட்டோம்."

அது அவர் எனக்குத் திறந்துவிட்ட வாசல் என்பதை நான் அறிவேன். கையை நீட்டினால் போதும். ஆனால் அந்தப் பேச்சை நான் பேசியிருந்தேன். "அணைக்க மாட்டேன். பேசியது உண்மை" என்றேன்.

மண்டபம் கொதித்தது. "சொல்லிட்டாரே, அவரே சொல்லிட்டாரே!" என்று ஒருவர் பின்வரிசையிலிருந்து கத்தினார். அப்போதுதான் டிஸ்பென்சர், முதலாளி, ஆசிரியை மூவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அது விளையாட்டு என்று ஆசிரியை சொன்னார். எவரும் நம்பவில்லை. "அப்ப வெளையாடிக் காட்டுங்க" என்றார் செயலாளர்.

கள்வன் என்று எண்ணப்படுவதா, இந்த வயதில் கள்வனாக விளையாடுபவன் என்று காணப்படுவதா? இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு எனக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் நேரம் பிடித்தது. பிறகு மேசையைப் போடச் சொன்னேன்.

ஆசிரியை கதையை விட்ட இடத்தில் தொடங்கினார். பூசாரி உறங்கிவிட்டார், பின்கதவு என் முன்னே. முதலில் சபையோர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவை அணுகியபோது முன்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"ஐயா, செருப்ப கழட்டிட்டுப் போங்க. சத்தம் கேக்கும்ல."

"கோயிலுக்குள்ள எப்பிடியும் கழட்டத்தான வேணும்" என்றார் இன்னொருவர்.

"அடி போடி, திருடப் போற ஆளுக்கு ஆசாரமா?"

"மொதல்ல வெளக்க அணைக்கணும்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். செயலாளர். நாற்காலியை இரண்டடி முன்னே இழுத்திருந்தார்.

விளக்கை அணைத்தேன். பகடை பதினாறு காட்டியது. இப்போது கல்தெய்வம் எட்டும் தூரத்தில் இருந்தது. ஆசிரியை என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னங்க ஐயா செய்றீங்க?"

முதலாளி என் காதருகே குனிந்தார். "ஐயா, செல்றதக் கேளுங்க. இப்ப திருந்திட்டேன், சாமியக் கும்பிட்டுட்டுத் திரும்பிப் போறேன்னு செல்லுங்க. தலைவர் பதவி ஒங்களுக்குத்தான்."

"திருந்தினீங்கன்னா நான் இனிமே மாடிப்படி ஏற மாட்டேன்" என்றார் டிஸ்பென்சர், எல்லோருக்கும் கேட்கும்படி.

முதலாளி சொன்னது சரியான யோசனைதான். ஆயினும் அந்தத் திருடன் தன் கூட்டாளிகளுக்கு மூன்று ஞாயிறுகள் திட்டமிட்டு வாக்குக் கொடுத்தவன். நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக அவனைத் திடீர்ப் பக்தனாக்குவது ஏமாற்று வேலை. சூடத்தின் முன் செய்ய மறுத்ததைப் பகடையின் முன் செய்வதெப்படி?

"கல்லை எடுக்கிறேன்" என்றேன்.

"பன்னெண்டு இல்லாட்டி அதுக்கு மேல விழணும்" என்றார் ஆசிரியை. "எடுங்கய்யா, சீக்கிரம் எடுங்க, பூசாரி முழிச்சிக்கப் போறான்!" என்று செயலாளர் பதறினார். பகடையை உருட்டினேன். மேசை விளிம்புவரை ஓடி நின்றது.

மூன்று.

கல்தெய்வத்தின் கை இறங்கி என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது என்று ஆசிரியை அறிவித்தபோது, முன்வரிசை அம்மா "ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் எவரோ கைதட்ட, மண்டபமே தட்டியது. செயலாளரே எழுந்து என் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார். போட்டியில்லை.

அன்றிலிருந்து தோட்டத்தில் ஒரு கதை உலவுகிறது. கல்லைத் தொட மனம் வராமல் ஐயா வேண்டுமென்றே பகடையைப் பிழையாக உருட்டினார் என்கிறார்கள். பக்தியால் அவருடைய கை நடுங்கியதைக் கண்ணால் கண்டோம் என்போரும் உண்டு. செயலாளர் இதைத் திருவிழா மேடையிலேயே சொன்னார்.

அது தவறு. கை நடுங்கவில்லை. நான் அந்தக் கல்லைத் திருடவே முழு மனதுடன் முயன்றேன். பன்னிரண்டு தேவைப்பட்டது, மூன்று விழுந்தது.