எலிக்காரம்மா ஊசியை விட்டுவந்த ஊர்

கிடங்குகளில் அவளை எலிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனும் பெண்சாதியுமாக இருபது வருஷம் எலி பிடித்தார்கள். மூட்டைகளை நகர்த்தி, செங்கல்லும் கோணிச்சாக்கும் வைத்து வளைகளை அடைப்பது அவள் வேலை. அடைக்காமல் விட்ட ஒரே வளையின் வாயில் நாயோடு நிற்பது புருஷன் வேலை. நாய் டெரியர் இனம். முழங்கால் உயரம்கூட இல்லை, எந்தச் சந்திலும் நுழைந்துவிடும் என்பதால் ஊசி என்று பேர் வைத்திருந்தார். கிடங்கு வாசலில் நின்று, "ஊசி போட வந்திருக்கோம், யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்பார். சிரிக்காதவர்களிடம் இன்னொரு தரம் கேட்பார்.

ஒரு நாள் காலை பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊசி வேலை செய்யவில்லை. எலி மூக்குக்கு நேரே ஓடினாலும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வளை முன்னால் நின்றுகூடப் பார்த்தாள்.

புருஷனின் ஊர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். இருபத்திரண்டு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பி வந்தவர். அடுத்த வருஷம் போவோம், அடுத்த வருஷம் போவோம் என்று சொல்லியே போகாமல் போய்விட்டார். அங்கே ஒரு தம்பி இருந்தார். அவள் போனில் சாவைச் சொன்னபோது, "சரி" என்று வைத்துவிட்டார். நாலு மாதம் கழித்து, அவருக்குப் பதிலாகத் தானாவது போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். சாப்பிடாத நாயை யார் தலையில் கட்டுவது? துணிப்பையில் வைத்து, இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

கொழுந்தனார் தானியக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர். கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை, ஒண்டிக்கட்டை. வாங்க என்று சொல்லாமல் கதவை மட்டும் அகலத் திறந்தார். டீ போட்டுக் கொடுத்தார். நாயைப் பார்த்ததும்தான் பேச்சு வந்தது.

"இது எங்கப்பா வளர்த்த நாயோட வம்சம் அண்ணி. போறப்ப நல்ல குட்டியா பார்த்துத் தூக்கிட்டுப் போயிட்டான். இங்க இருந்ததெல்லாம் நோய்ல போயிடுச்சு. அப்பா கடைசி வரைக்கும் அந்தக் குட்டியைத்தான் கேட்டாரு. அவனைக் கேக்கல."

"இவரு உங்களையும் அப்பாவையும் நெனைக்காத நாளில்ல தம்பி."

அவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை நாயோடு அவளும் கிடங்குக்குப் போனாள். கொழுந்தனார் ஒரு மூட்டையை இழுத்ததும் அடியிலிருந்து எலி பாய்ந்தது. யோசிக்காமல் அவர் நாக்கை மடித்து விசிலடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

அது அவள் புருஷனின் விசில். அவளும் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். யாரும் இல்லை. அதற்குள் ஊசி அவள் காலுக்கிடையில் புகுந்து பறந்தது. கழுத்தைக் கவ்வி ஒரே உதறல். செத்த எலியைக் கொண்டுவந்து கொழுந்தனாரின் காலடியில் போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

"அப்பா சொல்லிக் கொடுத்தது. ரெண்டு பேருக்கும்" என்றவர், அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நாயைப் பார்த்தபடியே, "நெஜமாவே செத்துட்டானா அண்ணி?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். நாய் அவர் முழங்கையை நக்கியது.

அன்றைக்கு அது தட்டைக் காலி செய்தது. அடுத்த மூன்று நாளும் காலையில் அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கிடங்கு வாசலில் நின்றது. நாலாம் நாள் அவள் பையைக் கட்டினாள். நாயைத் தூக்கிவந்த துணிப்பையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"உங்க நாய் அண்ணி, கூட்டிட்டுப் போங்க."

"என்கூட வந்தா பட்டினி கெடந்தே செத்துடும் தம்பி."

"அப்ப நீங்க?"

"நான்தான் சாப்பிடுறேன்ல" என்றாள் அவள்.

அது கிடங்குக்குள் வேலையாக இருக்கும்போதே பஸ் ஏறினாள்.

இப்போது கூண்டு வைத்துத்தான் எலி பிடிக்கிறாள். ஒரு மாதம் கழித்துக் கொழுந்தனார் போன் செய்தார். ஊசி ஒரே நாளில் பதினோரு எலி பிடித்ததாம்.

"பேசுங்க அண்ணி, அது காதுல வைக்கிறேன்."

"வேணாம் தம்பி. என் குரலைக் கேட்டா தேடும்."

வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். தேடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தாள். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. மாவு மில்லில் கூண்டைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.